வேலாயி கல்

எங்கள் எஸ்டேட்டில் அதைக் கோட்டை என்றுதான் சொல்வோம். அதைக் கட்டிய துரை எந்தப் போரையும் பார்த்தவரில்லை. அவருடைய நாட்டில் எழுநூறு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு பிரபு மலை உச்சியில் கட்டிய கோட்டை இடிந்து கிடக்கிறதாம். அதே அளவில், அதே கோபுரத்தோடு, தேயிலைக்கு மேலே தனக்கும் ஒன்று வேண்டும் என்று துரை ஆசைப்பட்டார். ஆசை அவருடையது. கல் சுமந்தது எங்கள் ஆட்கள். பள்ளத்து ஆற்றிலிருந்து உச்சி வரைக்கும், தலையில். கூரை போடுவதற்குள் மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினார். அன்றிலிருந்து அது மழையில் நின்று இடிந்துகொண்டிருக்கிறது.

நான் ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவன். ஒரு நாள் பாதி ஷிப்டில் எழுந்து வெளியே வந்தேன், திரும்பப் போகவில்லை. ஊருக்கு வந்தபோது கோட்டையை அளக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

அளக்க வந்தவர் கேத்லீன் அக்கா. எங்கள் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதிய பழைய கிராணியின் மகள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சர்ச்சில் சின்ன வயதிலிருந்தே பழக்கம். டாக்டர் பட்டம் வாங்கி, பினாங்கில் தொல்லியல் சொல்லிக்கொடுக்கிறார். முதல் நாள் காலையில் பிக்கப்பிலிருந்து அவர் இறங்கியபோதுதான் வயிற்றைப் பார்த்தேன். ஏழு மாதம் இருக்கும்.

"அக்கா, இந்த வயித்தோடவா மேல ஏறப் போறீங்க?"

"கழட்டி வண்டியில வச்சிட்டு வர முடியுமாலா? பேசாம இந்த கேமரா முக்காலியப் புடி."

பிக்கப் பாதி மலைவரைக்கும் போகும். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. இரு பக்கமும் கவனிப்பாரில்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்த தேயிலை, அதற்கு மேல் காடு. கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வெள்ளையாகத் தெரியும். காற்று திரும்பினால் கோழி உரத்தின் நாற்றம் மேலே வரும். உச்சியில் அந்த நாற்றமும் நின்றுவிடும். பாசி வாடை மட்டும்.

கோட்டையில் மூன்று சுவர்களும் ஒரு கோபுரமும் மிச்சம். நான் பாராங் கத்தியால் பெரணியை வெட்டிச் சுவரைத் திறப்பேன். அக்கா ஒவ்வொரு கல்லிலும் சுண்ணக்கட்டியால் எண் போட்டு, படம் எடுத்து, அளப்பார். நான் அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கும். அப்புறம் கம்பும் தெரியாது, கையும் தெரியாது.

பனியில்தான் முதலில் கேட்டேன். பாதையில் யாரோ மூச்சு வாங்குவது. பாரம் தூக்கி ஏறுகிறவன் பல்லைக் கடித்து விடும் மூச்சு. ஏறி ஏறி வந்தது. வாசல்வரை வந்து நின்றது. யாரும் வரவில்லை.

"அக்கா, கேட்டுச்சா?"

"வந்த முதல் நாள்லேர்ந்து கேக்குது," என்றார், படத்தில் கோடு போட்டுக்கொண்டே. "கம்பை நேராப் புடி."

எங்களுக்கு மேலே அதிகாரியாக ராய்ஸ்டன் இருந்தான். கோட்டையை வாங்கிய கம்பெனியின் மேனேஜர். கோலாலம்பூர்க்காரன், தமிழன்தான். கோட்டையைத் தங்கும் விடுதியாக்கப் போகிறார்கள். அதற்கு முன் அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அதனால்தான் அக்காவை விட்டுவைத்திருந்தார்கள். அடிவாரத்தில் பழைய தேயிலைக் கொட்டகையை ஆபீசாக்கி, வாசலில் பெரிய படம் மாட்டியிருந்தான். 'ஒரு மனிதர் தன் கைகளால் எழுப்பிய கனவு' என்று துரையின் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது.

அதைப் பார்த்து அக்கா முதல் நாளே கேட்டார். "தன் கைகளாலயா? அந்தாளு தன் கையால தேத்தண்ணி கலக்கியிருப்பாரா?"

"விளம்பரம்லா டாக்டர்," என்று ராய்ஸ்டன் சிரித்தான். "கூலிக்காரன் கதைய சொன்னா எவன் வந்து ரூம் எடுப்பான்?"

நான் கைகளைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

கோட்டை வாசலுக்குச் சற்றுக் கீழே, பாதையோரம், நெஞ்சளவுக்கு இரண்டு கற்கள் நட்டு, மேலே ஒரு பலகைக்கல் கிடத்தியிருக்கும். துரை பெஞ்சு என்போம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாங்கள் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டிய இடம். இவ்வளவு உயரத்தில் எவன் பெஞ்சு போடுவான் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அக்கா அதைப் பார்த்ததும் நின்றார். பையிலிருந்து பிரஷை எடுத்துப் பாசியைத் தேய்த்தார். பலகைக்கல்லின் முன்பக்கம் எழுத்து தெரிந்தது. உளி பிடிக்கத் தெரியாதவன் வெட்டிய எழுத்து, கோணல் கோணலாக.

வேலாயி.

"இது பெஞ்சு இல்லடா எட்ரியன். சுமைதாங்கி. புள்ளய வயித்துல வச்சுக்கிட்டே செத்துப்போன பொம்பளைக்கு வைக்கிறது. அவ பாரத்த எறக்காம போயிட்டா. மத்தவங்க தலைச்சுமைய இதுல எறக்கி வச்சு ஆறினா, அவளுக்கும் பாரம் கொறையும்னு நம்புவாங்க. தமிழ்நாட்டுல ரோட்டோரத்துல நெறைய இருக்கு. இங்க இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல."

"அப்ப இவ..."

"கல்லு சுமந்திருப்பா. வயித்தோட." பிரஷைக் கல்லில் அழுத்தித் தேய்த்தார். அழுகை இல்லை, ஆத்திரம். "இந்த மலையில வெட்டியிருக்கிற ஒரே பேரு இதுதான். துரை பேருகூட எங்கயும் கெடையாது."

தோளிலிருந்த கருவிப் பையைக் கழற்றி அந்தக் கல்லின்மேல் வைத்தார்.

காற்று நின்றது.

எங்களுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில், யாரோ மூச்சை நீளமாக விட்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அன்றிலிருந்து ஏறும்போதெல்லாம் இருவரும் பாரத்தை அதில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போவோம்.

அந்த வாரக் கடைசியில் ராய்ஸ்டன் மேலே வந்தான். கல்லைத் தட்டிப் பார்த்தான்.

"நல்ல கல்லு டாக்டர். ரிசப்ஷன்ல மேசையாப் போட்டா எப்படி இருக்கும்!"

"இது நினைவுக்கல். அறிக்கையில எழுதப் போறேன். யாரும் தொடக்கூடாது."

"பெஞ்சுன்னு எழுதுங்களேன்."

"நீங்க வேணும்னா பெஞ்சுன்னு சொல்லிக்கங்க. நான் எழுத மாட்டேன்."

"வயித்துல புள்ள இருக்குல்ல, கோவப்படாதீங்க," என்றான். அதைச் சொல்லும்போது அந்தக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்தான். சிகரெட்டை அதிலேயே அணைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சில் இருப்போம் என்று அவனுக்குத் தெரியும்.

திங்கள் மழை விட்டிருந்தது. பாதை குழைந்து கிடந்தது. வாசலுக்குக் கீழே வந்தபோது இரண்டு நடுகற்கள் மட்டும் நின்றன. மேலே ஒன்றுமில்லை. காட்டுச் செடிகளை மிதித்துக்கொண்டு மண் தோண்டும் இயந்திரம் வந்துபோன தடம்.

அக்கா கத்தவில்லை. போனை எடுத்துப் படம் எடுத்தார். பிறகு இரண்டு நடுகற்களுக்கும் நடுவில், தடத்தை அளப்பதற்காக, மெதுவாக மண்டியிட்டார்.

"அளவு நாடாவ நீட்டு," என்றார்.

நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

தலை குனிந்திருந்தது. நிமிரவில்லை.

"அக்கா?"

"எட்ரியன்." சேற்றில் இரண்டு கைகளையும் ஊன்றினார். "என் தலைமேல என்னமோ ஏத்துறாங்க."

"யாரு?"

"தெரியல. ஈரமா இருக்கு."

அவர் தலைமுடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மழை இல்லை. நெற்றி வழியாக, மூக்கு வழியாக, கலங்கிய தண்ணீர். ஆற்று வாடை அடித்தது. அப்போதுதான் ஆற்றிலிருந்து தூக்கிய கல்லின் வாடை.

அவருடைய தலைக்கு மேலே இரண்டு கைகளையும் வைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கையில் சில்லென்று ஏதோ உட்கார்ந்தது. என் மணிக்கட்டு இரண்டும் மடங்கின. கைகளை இழுத்துக்கொண்டேன்.

இன்னொன்று ஏறியிருக்க வேண்டும். அக்காவின் தாடை நெஞ்சில் இடித்தது. முழங்கால்கள் சேற்றுக்குள் இறங்கின.

அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். சுவரை இழுப்பது போல இருந்தது.

"புள்ள அசையல," என்றார். "காலையில உதைச்சுச்சு. இப்ப அசையல."

"கீழ தூக்கிட்டுப் போயிடறேன் அக்கா, கொஞ்சம் எழுந்திரிங்க..."

"முடியாது. அவ எறக்கி வச்சிருந்த இடத்த எடுத்துட்டானுங்க. இப்ப எங்க வைப்பா?" மூச்சு வாங்கினார். "கல்லக் கொண்டா. கொண்டு வந்து வை. ஓடு!"

ஓடினேன். எங்கே விழுந்தேன், எப்படி எழுந்தேன் தெரியாது. பிக்கப்பை எடுத்து அடிவாரத்துக்குப் போனபோது என் வாயில் ரத்தம் இருந்தது.

கொட்டகையில் ராய்ஸ்டன் தனியாக இருந்தான். பலகைக்கல்லை இரண்டு மரக்கட்டைகள்மேல் வைத்து, அதன்மேல் பூச்சாடியும் விளம்பரத் தாள்களும் அடுக்கியிருந்தான். முன்பக்கம் பளபளவென்று இருந்தது. பாலிஷ் போட்டிருந்தார்கள். எழுத்து இல்லை. இயந்திரம் வைத்து வழித்துவிட்டிருந்தார்கள்.

அதைப் பார்த்த பிறகு எனக்குப் பதற்றம் போய்விட்டது.

"தூக்கு," என்றேன்.

"என்னது?"

"இந்தக் கல்லத் தூக்கு. மேல கொண்டு போகணும். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"வோய், யார்கிட்ட பேசுற? குடிச்சிருக்கியா?"

"டாக்டர் மேல சாகப் போறாங்க. புள்ளயும்."

"அப்ப ஆம்புலன்ஸ கூப்பிடு. கல்ல ஏன் கேக்குற?" சிரித்தான். "நீங்கள்லாம் இன்னும் பேய், முனின்னு..."

இடுப்பிலிருந்த பாராங் கத்தியை உருவி அந்தக் கல்மேசையில் இறக்கினேன். பூச்சாடி உடைந்தது. அவன் விரல்களுக்குப் பக்கத்தில் இறங்கியதால் சிரிப்பும் நின்றது.

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. தானா ராத்தா டவுன்லேர்ந்து அவங்க வர்றதுக்குள்ள உனக்குப் போன் புடிக்கக் கை இருக்காது."

தூக்கினான்.

பிக்கப் பாதி மலையில் சேற்றில் சுழன்று நின்றது. அதற்கு மேல் தலைதான். சாக்கை மடித்து அவன் தலையில் வைத்தேன், என் தலையில் ஒன்று. முன்னால் அவன், பின்னால் நான். இருவர் தலையிலும் கல்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"கழுத்து ஒடியுதுடா."

"ஒடியட்டும். நட."

"கொஞ்சம் எறக்கிட்டுப் போலாம்."

"எங்க எறக்குவ? எறக்குற எடத்தத்தான நீ எடுத்துட்ட."

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எனக்குப் பின்னால் காலடி கேட்டது. செருப்பில்லாத கால். சேற்றில் பதிந்து, பிடுங்கி, பதிந்து. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாத அளவுக்கு. எல்லோரும் ஒரே மாதிரி மூச்சு வாங்கினார்கள். என் கழுத்தின் பின்புறத்தில் அந்த மூச்சு சுட்டது.

"யாருடா பின்னால?" ராய்ஸ்டனின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"திரும்பாத."

"எத்தன பேருடா?"

அடுத்த வளைவில் கல்லின் எடை எனக்குக் குறைந்தது. யாரோ கை கொடுத்தது போல. இன்னும் குறைந்தது. கடைசி ஏற்றத்தில் என் தலையில் சாக்கு மட்டும்தான் இருப்பதுபோல் இருந்தது. கல்லின் பின்முனை என் தலைக்கு ஒரு விரல் மேலே, தானாகப் போய்க்கொண்டிருந்தது.

முன்னால் போன ராய்ஸ்டனுக்கு அப்படி இல்லை. அவன் கணுக்கால்வரை புதைந்து புதைந்து நடந்தான். அழுதான். நிற்கப் பார்த்தான். நிற்க விடவில்லை. நான் அவனைத் தள்ளவில்லை. நான் தொடவே இல்லை.

அக்கா நெற்றி சேற்றில் படக் குனிந்திருந்தார். காதுக்குள்ளிருந்துகூடத் தண்ணீர் வழிந்தது. அவருக்கு இரு பக்கமும் நின்று, அவர் தலைக்கு மேலே, இரண்டு நடுகற்களின்மேல் பலகைக்கல்லை ஏற்றினோம். கல்லோடு கல் உட்கார்ந்த சத்தம் மலைக்குள்ளே போய் இறங்கியது.

மூச்சு. நீளமாக. ஒருத்தியுடையது இல்லை.

அக்கா நிமிர்ந்தார்.

வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் எதையும் பார்த்ததில்லை.

"உதைக்குது," என்றார். பிறகு கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். கிராணி வீட்டுப் பெண்கள் சொல்லாத வார்த்தை.

கல்லுக்கு அடியிலிருந்து அவரைத் தாங்கிப் பிடித்து எழுப்பும்போதுதான் ராய்ஸ்டனைக் கவனித்தேன். கல்லை இறக்கிய பிறகும் அவன் குனிந்தே நின்றான். இரண்டு கைகளும் தலைக்கு மேலே, எதையோ பிடித்திருப்பதுபோல. கைகளுக்கு நடுவில் ஒன்றுமில்லை. சட்டை முழுக்க ஈரம்.

"எறக்கி விடுங்கடா," என்றான். "யாராச்சும் ஒரு கை புடிங்கடா."

தலைச்சுமையைத் தனியாக இறக்க முடியாது. அவனுக்கும் அது தெரிந்திருந்தது. சுமைதாங்கியிடம் போய்த் தலையைச் சாய்த்தான். பிறகு பின்வாங்கினான். அதில் இடமில்லை என்பதை அவன் கண்டான் போலிருக்கிறது. தன் முறைக்குக் காத்திருப்பவன் போல ஓரமாக நின்றான்.

"எட்ரியன்," என்றார் அக்கா.

"நடங்க அக்கா," என்றேன். "மொதல்ல நீங்க."

நான் அவனுக்குக் கை கொடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

அவன் அதே கோலத்தில், கைகளை உயர்த்தியபடியே, எங்களுக்குப் பின்னால் இறங்கி வந்தான்.

அக்காவுக்கு ஈப்போவில் பெண் பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். அறிக்கையில் சுமைதாங்கியை எழுதினார், வழித்த எழுத்தை எழுதினார், எழுத்து இருந்தபோது எடுத்த படத்தையும் சேர்த்தார். கம்பெனிக்காரர்கள் வேறு மேனேஜரை அனுப்பினார்கள். வேலை நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை, அக்கா சொன்னபடி போய்ச் சில அளவுகளை மறுபடி எடுத்தேன்.

கோபுரம் குறைந்திருந்தது.

கம்பைத் தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று மறுநாளும் அளந்தேன். இன்னும் குறைந்திருந்தது. மேல்வரிசைக் கற்கள் இல்லை. விழுந்த தடமில்லை, கீழே ஒரு துண்டும் இல்லை. ஆற்றுக்குப் போய்ப் பார்த்தேன். கற்கள் தண்ணீருக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சிலவற்றின் முதுகு வெளியே தெரிந்தது. அதில் அக்கா போட்ட சுண்ணக்கட்டி எண்.

படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு, "எறக்குறாங்க. விடு," என்று மட்டும் வந்தது.

இப்போது பனி இறங்கினால் மூச்சு மேலே ஏறி வருவதில்லை. வாசலிலிருந்து புறப்படுகிறது. சுமைதாங்கியில் நிற்கிறது. கல்லோடு கல் உரசுகிறது. பிறகு பள்ளத்துக்குப் போகிறது. நான் பாதையை விட்டு ஒதுங்கி நிற்பேன்.

நேற்று மத்தியானம் அப்படி நின்றபோது போன் வந்தது. தெரியாத பெண் குரல்.

"அண்ணே, நான் சோஃபியா. ராய்ஸ்டனோட வைஃப்."

"சொல்லுங்க."

"எத்தன டாக்டர் பாத்துட்டாங்கண்ணே. கழுத்தெலும்பு நல்லாத்தான் இருக்காம். ஆனா தலைய தூக்க முடியல. படுத்தே கெடக்கிறாரு. மத்தியானம் ஆனா தூங்கிடுறாரு, எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டேங்கிறாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எந்திரிச்சா உள்ளங்கால் ரெண்டும் சேறா இருக்குண்ணே. செவப்பு மண்ணு. நாங்க இருக்கிறது பதினோராவது மாடி. நான்தான் தெனமும் கழுவி விடுறேன்."

எனக்கு எதிரே பாதையில் சேறு பதிந்து, பிடுங்கி, பதிந்துகொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை.

"இப்பவும் தூங்குறாரு. தூக்கத்துல ஒன்னுதான்ணே கேக்குறாரு, திரும்பத் திரும்ப. உங்களுக்குத் தெரியும்னு தோணுச்சு, அதான் போன் பண்ணேன்."

"என்ன கேக்குறாரு?"

"இன்னும் எவ்வளவு கல்லு இருக்குன்னு."

நிமிர்ந்து பார்த்தேன். பனிக்குள் கோபுரம் கறுப்பாக நின்றது. மூன்று சுவர்களும் அப்படியே இருந்தன.

"நெறைய இருக்கும்மா," என்றேன்.